நீக்கிய பின்னும் நிற்பவை: ஒளிப்பட உள்விவர மென்பொருள்கள் பற்றிச் சோழவரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவள்ளூர் மாவட்டத்தின் சோழவரம் ஊராட்சி ஒன்றியத்தில், பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீடு எழும்புகிறது என்றால், கட்டம் கட்டமாக அதைப் படமெடுத்து இடக் குறியீட்டோடு ஏற்ற வேண்டும். படம் ஏறிய பிறகுதான் அடுத்த தவணை. நூறு நாள் வேலையிலும் 2023 ஜனவரி முதல், வேலைக்கு வந்தவர்களைச் செயலியில் படமெடுத்து ஏற்றுவது கட்டாயமாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தண்ணீர் புகுந்த வண்டிக்கும் சரக்குக்கும் காப்பீடு கேட்டவர்கள் கையில் இருந்ததும் படங்கள்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து போகும் உதிரிபாகத்தில் கீறல் இருந்ததா, லாரியில் ஏற்றிய பிறகு விழுந்ததா என்ற தகராறுக்கும் படத்தைத்தான் நீட்டுகிறார்கள். ஒரு காலத்தில் ஆல்பத்துக்குள் கிடந்த ஒளிப்படம் இந்த வட்டாரத்தில் இன்று பணத்துக்கும் வேலைக்கும் சான்று.

சான்று என்று வந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் காட்சி மட்டும் போதாது. படக் கோப்புக்குள்ளேயே எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. மெட்டாடேட்டா என்று சொல்லப்படும் இந்த உள்விவரங்களைப் படிக்கவும் திருத்தவும் அழிக்கவும் மென்பொருள்கள் உண்டு. அவற்றில் வலுவானவை டெர்மினலில் கட்டளை எழுதி இயக்கப்படுபவை. அவற்றை எங்கிருந்து எடுத்து நிறுவுவது, வேலை முடிந்ததும் எப்படி நீக்குவது என்பது சின்னத் தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மென்பொருளை ஒரு வரியில் கொண்டுவரலாம், இன்னொரு வரியில் அனுப்பிவிடலாம். அது படங்களில் எழுதிவிட்டுப் போனதைத் திருப்பி எடுக்க எந்த நீக்கல் கட்டளையும் கிடையாது. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நிறுவுவதைப் பற்றியே பேச வேண்டும்.

உள்விவரம் என்பது ஒரே இடத்தில் இருப்பதும் அன்று. கேமரா தானாக எழுதுவது எக்சிஃப். ஜப்பானில் 1995இல் உருவான தரம். செய்தி நிறுவனங்கள் படவிளக்கம், ஊர், எடுத்தவர் பெயர் ஆகியவற்றுக்காக வைத்துக்கொண்டது ஐபிடிசி. 2001இல் அடோபி கொண்டுவந்தது எக்ஸ்எம்பி. ஒரே ஜேபெக் கோப்பில் மூன்றும் அருகருகே இருக்கலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கலாம். ஒரு மென்பொருள் ஒன்றைத் திருத்திவிட்டு மற்ற இரண்டைத் தொடாமல் விடும். பிறகு ஒரு கணினியில் ஒரு தேதியும் இன்னொன்றில் வேறு தேதியும் தெரியும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. எக்சிஃப் தரத்தில் எழுத்துகளுக்கான வகை நெடுங்காலம் ஆங்கில ஆஸ்கி மட்டுமே. தமிழையும் ஏற்கும் எழுத்துக் குறியாக்கமான யுடிஎஃப்-8ஐ முறைப்படி சேர்த்தது 2023இல் வந்த 3.0 பதிப்பு. பழைய ஐபிடிசி வடிவத்தில் ஊர்ப் பெயருக்கு 32 பைட்டுகளுக்கு மேல் இடமில்லை. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள் பிடிக்கும். அகரம் ஏறிய உயிர்மெய் ஒரே குறி; மற்ற உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் இரண்டு குறிகளாகக் கணக்காகும். சோழவரம் ஏழு குறிகள், 21 பைட்டுகள்; உள்ளே அடங்கிவிடும். பொன்னேரி 24, அதுவும் அடங்கும். திருவள்ளூர் 33. ஒரே ஒரு பைட்டு மிஞ்சுவதால் மாவட்டத் தலைநகரின் பெயருக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. செங்குன்றத்துக்கும் அதே கதி. கும்மிடிப்பூண்டிக்கு 48 பைட்டுகள் வேண்டும். மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு அதைப் பாதியில் வெட்டும். ஒளிப்படக்காரர் பெயருக்கும் அதே 32தான். பத்துக் குறிகளைத் தாண்டிய எந்தத் தமிழ்ப் பெயரும் அங்கே முழுதாக நிற்காது. எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆகவே தமிழில் எழுதுவதென்றால் எக்ஸ்எம்பியில் எழுதுங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். எந்த மென்பொருளைத் தேர்வது என்பதற்கும் இதையே முதல் அளவுகோலாகக் கொள்ளலாம்.

அந்த அளவுகோலில் முன்னே நிற்பது எக்சிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003இல் வெளியிட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்துவரும் பெர்ல் நிரல். எக்சிஃப், ஐபிடிசி, எக்ஸ்எம்பி மூன்றையும் எழுதும். கேமரா நிறுவனங்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் குறிப்புகளையும் பெருமளவு படிக்கும். எக்சிவ்2 என்பது ஆண்ட்ரியாஸ் ஹுகல் 2004இல் தொடங்கிய சி++ நிரல். அதற்குக் கட்டளைக் கருவியாக ஒரு முகமும், டிஜிகேம், டார்க்டேபிள், கிம்ப் போன்றவை உள்ளே பயன்படுத்தும் நூலகமாக இன்னொரு முகமும் உண்டு. மத்தியாஸ் வாண்டலின் ஜேஹெட் சிறியது, வேகமானது, ஜேபெக்குக்கு மட்டும். டெர்மினலைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு டிஜிகேம் இருக்கிறது. அதையும் கட்டளை வரியிலேயே நிறுவலாம்.

இனி நிறுவுதல். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற இயந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. அந்த வகையில், மென்பொருள் பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் என்ற பொதி மேலாளர் இந்த மாவட்டத்தின் பல வீடுகளுக்குள் என்றோ வந்துவிட்டது. ஆப்ட் வழியே எக்சிஃப்டூலைத் தேடுகிறவர் முதலில் தடுமாறுவது பெயரில். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பொதியின் முறையான பெயர் லிப்இமேஜ்-எக்சிஃப்டூல்-பெர்ல். நிறுவிய பின் இயக்கும்போது எக்சிஃப்டூல் என்று மட்டும் அடித்தால் போதும். ஃபெடோராவில் பெயர் பெர்ல்-இமேஜ்-எக்சிஃப்டூல். மேக்கில் ஹோம்புரூ வழியே எக்சிஃப்டூல் என்றே கிடைக்கும். நிறுவிய பெயர் ஒன்று, இயக்கும் பெயர் இன்னொன்று என்பதால் ஆறு மாதம் கழித்து நீக்க வரும்போது எதை நீக்குவது என்று தெரியாமல் போகிறது. நிறுவிய அன்றே பொதியின் பெயரை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பதிப்பு எண்ணைப் பார்ப்பது இதைவிட முக்கியம். 2021 ஏப்ரலில் எக்சிஃப்டூலில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 7.44 முதல் 12.23 வரையிலான எல்லாப் பதிப்புகளிலும், டிஜேவூ என்ற ஆவண வடிவத்தைப் படிக்கும் பகுதியில் பிழை. சூழ்ச்சியாகத் தயாரித்த ஒரு கோப்பின் உள்விவரத்தைப் படித்தாலே போதும், கோப்பை அனுப்பியவர் விரும்பும் கட்டளை நம் கணினியில் ஓடிவிடும். அந்தக் கோப்பு ஜேபெக் என்ற பெயரோடும் வரலாம். எக்சிஃப்டூலை உள்ளே வைத்திருந்த, நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் மென்பொருளின் சர்வர்கள் இந்த வழியில் தாக்கப்பட்டன. 12.24இல் அது சரிசெய்யப்பட்டது. யார் யாரோ அனுப்பும் சேதப் படங்களைத் திறந்து பார்ப்பதே வேலையாக உள்ள ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு இது நேரடியான ஆபத்து.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. டெபியன் தன் நிலையான வெளியீடுகளில் புதுப் பதிப்பைக் கொண்டுவராமல், பழைய பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைக்கும் வழக்கம் உடையது. அங்கே எண் 12.24க்குக் குறைவாகக் காட்டினாலும் பாதுகாப்பு சேர்ந்திருக்கலாம். பொதியின் முழு எண்ணையும் மாற்றக் குறிப்பையும் பார்த்தால் தெரியும். ஆதரவுக் காலம் முடிந்துபோன ஒரு வெளியீட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினியில் இந்தத் திருத்தம் தானாக வராது. அங்கே ஆப்ட்டை நம்பாமல், மூலத் தளத்திலிருந்து புதிய பதிப்பை நேரடியாக இறக்குவதே சரி.

விண்டோஸில் விங்கெட் என்ற கட்டளை வழியே நிறுவி, அதன் வழியே நீக்கலாம். பலரும் அப்படிச் செய்வதில்லை. ஜிப் கோப்பை இறக்கி, அதிலுள்ள இயங்கு கோப்பை எடுத்து விண்டோஸ் கோப்புறைக்குள் போட்டுவிடுகிறார்கள். பெயரில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஹைஃபனையும் கே எழுத்தையும் எடுத்துவிட்டுப் பெயர் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே வரும் எக்சிஃப்டூல்-ஃபைல்ஸ் கோப்புறையையும் சேர்த்து நகர்த்த வேண்டும் என்பதைத்தான் தவறவிடுகிறார்கள். பிறகு அது ஓடுவதில்லை, நீக்கும்போதும் பாதிதான் போகிறது. தமிழ் விவரங்களை விண்டோஸ் டெர்மினலில் நேரடியாக அடித்தால் சில அமைப்புகளில் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். விவரங்களை ஒரு யுடிஎஃப்-8 உரைக்கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கட்டளைக்குக் கொடுப்பது நம்பகமான வழி.

இணையமே இல்லாத தொழிற்சாலைக் கணினி என்றால்? இந்தத் தொழிற்பகுதியில் அது அரிதான நிலைமை அன்று. தரச்சோதனைப் பிரிவின் கணினியை வெளி இணைப்பில்லாமல் வைப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. எக்சிஃப்டூலின் பெரிய அனுகூலம் இங்கேதான் விளங்கும். அது பெர்ல் நிரல். டெபியன் வகை லினக்ஸ் எல்லாவற்றிலும் பெர்ல் முன்பே இருக்கிறது. சுருக்கப் பொதியை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து, ஒரு கோப்புறையில் விரித்து, அங்கிருந்தே இயக்கலாம். நிறுவவே வேண்டாம். நிர்வாகி கடவுச்சொல்லும் வேண்டாம். வேலை முடிந்ததும் அந்தக் கோப்புறையை அழித்தால் மென்பொருள் போயிற்று. எப்போதாவது மட்டும் தேவைப்படும் சிறு அலுவலகங்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் நான் பரிந்துரைப்பது இதையே. நாள்தோறும் பயன்படுத்துகிறவர்கள் ஆப்ட் வழியே போகலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும்.

தவிர்க்க வேண்டிய வழி ஒன்றும் உண்டு. மூல நிரலை இறக்கி, மேக் இன்ஸ்டால் கொடுத்து நிறுவுவது. அப்படி வந்தது பொதி மேலாளரின் கணக்கில் ஏறாது. பிறகு ஆப்ட்டிடம் நீக்கச் சொன்னால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றுதான் பதில் வரும். யூசர்-லோக்கல் கோப்புறைகளுக்குள் புகுந்து கோப்புகளைக் கையால் தேடி அழிக்க வேண்டியதுதான். இரண்டு வழிகளிலும் நிறுவிவிட்டவர்கள் ஆப்ட் வழியே வந்ததை நீக்கிய பிறகும் பழைய பிரதி ஓடிக்கொண்டிருக்கும், சில நேரம் அந்த ஓட்டை அடைபடாத பிரதியே.

நீக்குதலில் படிகள் உண்டு. ஆப்ட்டில் ரிமூவ் என்றால் நிரல் போகும், கணினி அளவிலான அமைப்புக் கோப்புகள் தங்கும். பர்ஜ் என்றால் அவையும் போகும். துணைக்கு வந்த பொதிகள் ஆட்டோரிமூவ் கொடுத்தால்தான் போகும். எக்சிஃப்டூலுக்கு இது சிறு விஷயம், டிஜிகேமை நீக்கினால் பின்னால் நிற்கும் கேடிஈ நூலகங்களின் பட்டியல் நீளமானது. பர்ஜ் கொடுத்தாலும் பயனரின் வீட்டுக் கோப்புறையை ஆப்ட் தொடாது. எக்சிஃப்டூலுக்கென்று நாம் எழுதிய அமைப்புக் கோப்பு புள்ளியில் தொடங்கும் பெயரோடு அங்கே மறைந்து கிடக்கும்; மீண்டும் நிறுவினால் பழைய அமைப்பே உயிர்பெறும். டிஜிகேம் தன் தரவுத்தளத்தைப் படங்கள் இருக்கும் கோப்புறையிலேயே வைத்திருக்கக்கூடும். எந்தப் படத்தில் யார் முகம் என்று நாம் குறித்ததெல்லாம் டிஜிகேமின் தரவுத்தளங்களில் தங்குகிறது. டிஜிகேமை நீக்கிவிட்டு வன்தட்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் அவையும் சேர்ந்து போகும்.

ஆப்ட் அல்லாமல் ஸ்னாப் என்ற பொதி முறை வழியே நிறுவியதை நீக்கினால், அதன் தரவின் நகலை உபுண்டு வழக்கமாக 31 நாள் வைத்திருக்கும். பர்ஜ் என்று சேர்த்துச் சொன்னால்தான் வைக்காது. அதைப் போன்ற இன்னொரு முறையான ஃபிளாட்பேக்கில் தரவையும் நீக்கு என்று தனியாகக் கேட்க வேண்டும். எக்சிவ்2இல் வேறு மாதிரியான கவனம் தேவை. கட்டளைக் கருவியை நீக்குவதில் தீங்கில்லை. நூலகத்தை நீக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் கிம்ப், ஷாட்வெல் போன்றவற்றையும் சேர்த்து நீக்கட்டுமா என்று ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டும். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஆம் சொல்லும் ஹைஃபன்-ஒய் சேர்த்து அடிக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. நீக்கும்போது அந்த எழுத்தைச் சேர்க்கவே கூடாது. செய்து பார்க்காமல் செய்தது போல் காட்டும் சிமுலேட் வசதி ஆப்ட்டில் இருக்கிறது. அதை முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.

இவ்வளவும் கணினியைச் சேர்ந்தவை. படங்களில் என்ன மிஞ்சுகிறது என்பது கனமான பகுதி.

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிற்று. அந்த நாட்களில் எடுத்த படங்கள் இன்று வீடுகளிலிருந்து ஸ்கேனுக்கு வருகின்றன. ஸ்கேனர் எழுதும் தேதி ஸ்கேன் செய்த நாள். எக்சிஃபில் இதற்காகவே இரண்டு பெட்டிகள் உண்டு: மூலப்படம் எடுத்த நாள் ஒன்று, டிஜிட்டலாக்கிய நாள் மற்றொன்று. இரண்டையும் வெவ்வேறாக நிரப்ப வேண்டும். நாளும் மாதமும் தெரியாமல் ஆண்டு மட்டும் தெரிந்தால், வசதிக்காக ஜனவரி 1 என்று போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஊகம் அந்த நொடியில் உண்மையாகிவிடுகிறது. எக்ஸ்எம்பி வெறும் ஆண்டை ஏற்றுக்கொள்ளும். அங்கே 1974 என்று மட்டும் எழுதலாம். நூற்றுக்கணக்கான ஸ்கேன்களுக்கு ஒரே கட்டளையில் தேதி போட முடிவது எக்சிஃப்டூலின் வலிமை. ஒரே கட்டளையில் அத்தனையையும் பொய்யாக்க முடியும் என்பதும் அதே வலிமையின் மறுபக்கம்.

இதனால்தான் எக்சிஃப்டூல் எழுதும்போதெல்லாம் பழைய கோப்பை ஒரிஜினல் என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே வைக்கிறது. இடம் அடைக்கிறது என்று, மேலெழுதச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்து இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். நகலின் மேல் வேலை செய்யும்போது சேர்த்துக்கொள்ளலாம். மூலத்தின் மேல் ஒருபோதும் கூடாது. இன்னொரு பக்கம், அந்தரங்கம் காக்க உள்விவரத்தை அழிப்பவர்களுக்கு இதே வசதி வினையாகும். அழித்த படத்தோடு, அழிக்காத ஒரிஜினலும் அதே கோப்புறையில் இருக்கும். கோப்புறையை முழுதாக அனுப்பினால் இரண்டும் போகும். இடக் குறியீட்டில் ஐந்து தசம இடங்கள் என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். பயனாளியின் வீட்டு வாசலையோ, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் தங்கியிருக்கும் விடுதியையோ காட்ட அது தாராளம்.

எல்லாவற்றையும் அழி என்ற கட்டளையும் நினைப்பதுபோல் வேலை செய்வதில்லை. ஜேபெக்கில் படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவது என்ற குறிப்பும் சேர்ந்து போய்விடும். நிமிர்ந்திருந்த படம் படுத்துக்கொள்ளும். நிற விவரம் போனால் நிறம் மாறித் தெரியலாம். பிடிஎஃப் கோப்பில் எக்சிஃப்டூல் அழிப்பது மேலே ஒரு புதிய அடுக்கை எழுதித்தான். பழையது உள்ளேயே இருக்கிறது, மீட்கலாம். படத்தின் மேலேயே முகவரியையும் வரைபடத்தையும் அச்சிட்டுத் தரும் கேமரா செயலிகள் கள அலுவலர்களிடம் பரவலாகிவிட்டன. அந்தப் பட்டை காட்சியின் பகுதி. எந்த உள்விவர மென்பொருளாலும் அதை எடுக்க முடியாது. மாறாக வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் உள்விவரம் போய்விடும், ஆவணமாக அனுப்பினால் தங்கும். வாட்ஸப்பில் சுற்றும் படங்களில் பலவற்றுக்கு நாளைச் சொல்ல முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்விவரம் சரியாக இருந்தால் படம் உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. நூறு நாள் வேலைச் செயலியில் நேரில் ஆட்களை எடுக்காமல், பழைய படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2025 ஜூலையில் சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. அத்தகைய படத்தில் தேதியும் இடமும் துல்லியமாகவே இருக்கும். எதிர்த்திசையிலும் நடக்கும். கேமராவின் நேரம் இந்திய நேரத்தில், ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. விடிகாலை நான்கு மணிக்கு எடுத்த படத்தில் ஜிபிஎஸ் தேதி முந்தைய நாளைக் காட்டும். ஐந்தரை மணி நேர வேறுபாடு தெரியாத ஒருவர் அதைத் திருத்தப்பட்ட படம் என்று சந்தேகிப்பார். நேர்மையாக எடுத்தவர் தவணைக்கு அலைய நேரிடும். இந்தச் சின்ன விவரம் ஒன்றிய அலுவலகங்களில் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

வழக்குக்குப் போகும் படத்துக்கு விதி இன்னும் கண்டிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியையும், குறிப்பிட வேண்டும். உள்விவரத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கோப்பின் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். படத்தின் காட்சி இம்மியும் மாறவில்லை என்று வாதிடுவது அப்போது கடினம். எனவே எந்தத் திருத்தத்துக்கும் முன் ஷா-256 முறையில் ஹாஷ் மதிப்பை எடுத்து எழுதி வைக்க வேண்டும். லினக்ஸிலும் விண்டோஸ் பவர்ஷெல்லிலும் அதற்கான கட்டளை முன்பே இருக்கிறது, எதையும் நிறுவத் தேவையில்லை. எக்சிஃப்டூலின் புதிய பதிப்புகள் உள்விவரத்தை விட்டுவிட்டுக் காட்சிப் பகுதிக்கு மட்டும் ஹாஷ் கணக்கிடும். திருத்தும் முன்னும் பின்னும் அது ஒன்றாக இருந்தால், மாறியது உள்விவரம் மட்டும் என்று காட்டலாம். எந்த நாளில் எந்தப் பதிப்பு கணினிக்குள் வந்தது, எப்போது நீங்கியது என்பதை ஆப்ட் தன் வரலாற்றுக் கோப்பில் எழுதிவைக்கிறது. சான்றுக்கான படங்களைக் கையாள்கிற அலுவலகம் அந்தக் கோப்பையும் நகலெடுத்துக் காக்க வேண்டும்.

பலர் கைபடும் கணினியில், பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்தின் பொது இயந்திரத்திலோ, நீக்கும் வரிசையும் கவனத்துக்குரியது. ஒரிஜினல் பின்னொட்டோடு கிடக்கும் பிரதிகளைக் கூட்டாக மீட்கவும் கூட்டாக அழிக்கவும் எக்சிஃப்டூலுக்குள்ளேயே தனித்தனி விருப்பங்கள் உண்டு. மென்பொருளை முதலில் நீக்கிவிட்டால் அந்த வசதியும் அதோடு போய்விடும். கோப்புறை கோப்புறையாகக் கையால் தேட வேண்டியிருக்கும். முதலில் மூலங்களை வேறு வன்தட்டுக்கு மாற்றி ஹாஷ் ஒப்பிட்டு, பிறகு மீந்த பிரதிகளை எக்சிஃப்டூலைக் கொண்டே அழித்து, வீட்டுக் கோப்புறையில் இருக்கும் அமைப்புக் கோப்பையும் டெர்மினல் வரலாற்றில் பதிந்துவிட்ட பெயர்களையும் துடைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஆப்ட் பர்ஜ் கொடுக்கலாம்.